வாளையாறு தாண்டியதும் என்ன சாப்பிடலாம்

சென்ற கோடை விடுமுறையில் சித்தப்பா மகன் தன் மனைவியையும் ஒன்பது வயது மகளையும் அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து கோவைக்கு வந்திருந்தான். மறுநாள் காலையில் எல்லோரும் காரில் பாலக்காட்டுக்குப் போவதாக ஏற்பாடு. ஆறரை மணிக்கு என் மனைவி இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றப் போனபோது அவன் தடுத்துவிட்டான். "இங்க எதுக்குங்கண்ணா இட்லி? முக்கால் மணி நேரத்துல வாளையாறு வந்துரும். அதைத் தாண்டினா கேரளா. அங்க போயி புட்டும் கடலைக்கறியும் சாப்பிட்டுக்கலாம்" என்றான். எல்லையைத் தாண்டினால் இலையில் விழுவதும் மாறிவிட வேண்டும் என்பது வெளியூர் போகிற எல்லோருக்கும் உள்ள ஆசைதான். அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அது எங்கள் பக்கத்துச் சமையலறைகளுக்கு என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைப் பல ஆண்டுகளாக அருகிலிருந்து பார்த்து வருகிறவன் என்பதால், அன்று வண்டியை ஓட்டிய நான் பதில் ஏதும் சொல்லாமல் ஒரு முடிவு செய்துகொண்டேன்.

மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு இடைவெளி விட்டு நிற்கிற இடம் பாலக்காட்டுக் கணவாய். அந்த வழியாகத்தான் தென்மேற்குக் காற்று கோவைக்கு வருகிறது, வணிகர்களும் வந்தார்கள், படைகளும் வந்தன. ஒரு காலத்தில் வாளையாற்றுச் சோதனைச் சாவடியில் லாரிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நிற்கும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு வணிக வரிச் சாவடிகள் எடுக்கப்பட்டன. இப்போது கார்கள் வேகத்தைக் குறைக்காமலே கடந்துவிடுகின்றன. பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறுவதைக் கண்டுதான் மாநிலம் மாறிவிட்டது என்று பயணிக்குத் தெரிகிறது. "வந்துட்டோம்" என்று மகளை எழுப்பினான் தம்பி. நான் புதுச்சேரி என்ற பெயருடைய ஊரருகே (பாலக்காட்டுக்கு முன்னால் அப்படி ஓர் ஊர் உண்டு) நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி, எலப்புள்ளிப் பக்கமாக ராமசேரிக்கு வண்டியைத் திருப்பினேன்.

ராமசேரியில் கிடைப்பது இட்லி. தமிழ்நாட்டிலிருந்து பல தலைமுறைகளுக்கு முன் குடிபெயர்ந்து வந்த முதலியார் குடும்பங்கள் அங்கே செய்யும் இட்லி அது. இன்றைக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய சில குடும்பங்களே அதைச் செய்கின்றன. நாம் வீட்டில் வைத்திருக்கிற குழித்தட்டு அதற்குக் கிடையாது. கொதிக்கும் நீருள்ள பானையின் வாய்மீது ஒரு மண் வளையம் அமர்கிறது. அந்த வளையத்தின் குறுக்கும் நெடுக்குமாக நூலால் வலை பின்னியிருக்கிறார்கள். அதன் மேல் ஈரத்துணியை விரித்து மாவை ஊற்றுகிறார்கள். அதற்கு மேல் இன்னொரு வளையம், இன்னொரு துணி, மறுபடி மாவு என்று அடுக்கி மேலே மூடியைக் கவிழ்க்கிறார்கள். வெந்ததும் துணியோடு எடுத்துக் கவிழ்த்து, துணியை மெதுவாக உரிக்கும்போது கல் தோசையைவிடக் கனமாகவும் நம் இட்லியைவிடத் தட்டையாகவும் வட்டமான ஒன்று வெளிப்படுகிறது. நெசவின் இழைகள் அதன் முகத்தில் பதிந்திருக்கும். பொடியில் தேங்காயெண்ணெயை ஊற்றிக் குழைத்து ஓரத்தில் வைக்கிறார்கள். தம்பியின் முகம் வாடிப்போயிற்று. "கேரளா வந்தும் இட்லியாங்கண்ணா?" என்று கேட்டான். மகள் மூன்று சாப்பிட்டுவிட்டு நான்காவதைக் கேட்டாள்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கிரைண்டர் விற்கிறேன். புவிசார் குறியீடு பெற்ற கோவைக் கிரைண்டருக்குத் தென்னிந்தியாவெங்கும் வாடிக்கையாளர்கள் இருப்பதால், பாலக்காடு, திருச்சூர், சாம்ராஜ்நகர், மைசூர் என்று வீட்டுச் சமையலறைகளுக்கும் ஓட்டல் சமையலறைகளுக்கும் போய்வருவது என் பிழைப்பாகிவிட்டது. ஒரு வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்பதை விருந்தாளியைவிடக் கிரைண்டர்காரனால் சரியாகச் சொல்ல முடியும். விருந்தாளி வரும் நாளில் வீடு வேறாகச் சமைக்கும். நான் போகிற நாள் ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையாக இருக்கும். கல்லில் ஒட்டியிருப்பது எந்த மாவு, மூலையில் எந்தத் தானியப் பை, அடுப்பருகே எந்த எண்ணெய்ப் பாட்டில் என்று எல்லாம் கண்ணில் படும். அப்படிப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது, எங்கள் கொங்கு நாட்டின் இரண்டு எல்லைகளிலும் வீட்டுச் சாப்பாடு எல்லைக்கோட்டைக் கவனிப்பதே இல்லை என்பதும், எல்லைக்கோட்டைக் கவனித்துச் சமைப்பவை நெடுஞ்சாலை ஓட்டல்கள்தான் என்பதும்.

எல்லைக்கு அந்தப் பக்கம், நெடுஞ்சாலையோரம் ஓர் ஓட்டலுக்குப் பெரிய கிரைண்டர் ஒன்றைப் பொருத்தப் போயிருந்தேன். வாசலில் புட்டு, அப்பம், பொரிச்ச மீன் என்று பெரிய படங்கள் இருந்தன. உரிமையாளர் உடுமலைப் பக்கத்துக்காரர்; சமையல்காரர்கள் ஒடிசாவிலிருந்து வந்த இளைஞர்கள். வேலை முடிந்த பிறகு அவர் என்னைப் பின்கட்டில் உட்கார வைத்துத் தானும் சாப்பிட்டார். பழைய சோறு, கெட்டித் தயிர், மோர்மிளகாய், சின்ன வெங்காயம், முந்தைய நாளின் தட்டைப்பயறுக் குழம்பு. "இதையே முன்னாடி போட்டா என்னங்க?" என்று நான் கேட்டேன். "போட்டனுங்க, ஒரு மாசம் போட்டுப் பாத்தனுங்க. வாளையாறு தாண்டினவங்க புட்டு இருக்கானுதான் கேக்கறாங்க. இல்லைன்னா கீழகூட எறங்கறதில்லீங்க, வண்டிய எடுத்துட்டுப் போயிர்றாங்க" என்றார். அவர் வருத்தப்பட்டுச் சொல்லவில்லை, நிலைமையைச் சொன்னார். எனக்குத்தான் அன்று முழுவதும் அந்தத் தட்டைப்பயறுக் குழம்பு மனத்தைவிட்டு நீங்கவில்லை. வழியில் போகிறவர் முன்கூட்டியே மனத்தில் எழுதிக்கொண்டு வருகிற பட்டியலை அச்சடித்துத் தருவதாக ஓட்டல் ஆகிவிட்டது. அந்த ஊர் தானாக உண்பது பின்கட்டுக்குப் போய்விட்டது.

இதே பாதையில் எதிர்த்திசையில் வருகிறவர்களுக்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. திருச்சூரிலிருந்தும் கொச்சியிலிருந்தும் கோவைக்கு வரும் குடும்பங்கள், வாளையாற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் தமிழ்நாட்டுச் சாப்பாடு வேண்டும் என்று கேட்பார்கள். அவர்கள் மனத்தில் இருப்பது நெய்ப்பொங்கல், மசால் தோசை, சாம்பாரில் மூழ்கிய வடை, அசைவம் என்றால் செட்டிநாட்டுக் கோழி. செட்டிநாடு கொங்கு நாட்டிலிருந்து எவ்வளவு தொலைவு என்பதை அவர்கள் அறிந்திருக்க நியாயமில்லை. ஆனால் எங்கள் ஊர் ஓட்டல்காரர்கள் அறிவார்கள். அறிந்திருந்தும் பலகையில் செட்டிநாடு என்று எழுதி, காரைக்குடி மசாலாவை வாங்கிப் போட்டு, கொங்கின் கோழிக் குழம்பை மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். கடந்த சில ஆண்டுகளில் பள்ளிபாளையம் சிக்கன் பெயர் பெற்ற பிறகு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆனால் அதிலும் எனக்கு மனக்குறை உண்டு. ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் விசைத்தறிகள் ஓடுகிற அந்த ஊரின் பெயரைத் தாங்கிய கறிக்குக் கோழியும் சின்ன வெங்காயமும் கிள்ளிப்போட்ட வரமிளகாயும் கறிவேப்பிலையும் தேங்காய்ப் பல்லும் போதும். இன்று பல ஓட்டல்களில் அதில் கரம் மசாலாவும் சோள மாவும் சிவப்புச் சாயமும் சேர்ந்துவிட்டன. கொங்குக் கறி என்றால் காரமாகவும் சிவப்பாகவும் இருக்கும் என்று எதிர்பார்த்து வருகிறவரின் கண்ணுக்காகச் செய்த மாற்றம் அது.

கொங்குச் சமையல் ஏன் இவ்வளவு காலம் ஓட்டலுக்கு வராமல் இருந்தது என்று யோசித்திருக்கிறேன். எங்கள் ஊர்களில் வீடுகள் தெருத்தெருவாக நெருங்கி இருப்பதைவிடத் தோட்டத்துக்கு ஒன்றாகச் சிதறிக் கிடப்பதே வழக்கம். சந்தைக்கோ கோயிலுக்கோ போனாலும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போவார்கள். வெளியே காசு கொடுத்துச் சாப்பிடும் பழக்கம் நகரத்தில்தான் வளர்ந்தது. அங்கே ஓட்டல் நடத்தியவர்களில் உடுப்பிக்காரர்களும் பாலக்காட்டுக்காரர்களும் முந்திக்கொண்டார்கள். கோவையின் கல்யாண மண்டபங்களில் பாலக்காட்டுச் சமையல்காரர்கள் பெயர் பெற்றிருந்ததை என் தலைமுறையினர் மறந்திருக்க மாட்டார்கள். அரிசிம்பருப்பும், கொள்ளுக் கடைசலும், பச்சைப்புளி ரசமும், செலவு ரசமும், சோளச்சோறும், ராகிக் களியும் வீட்டிலேயே இருந்துகொண்டன. அரிசிம்பருப்பு என்பது அரிசியையும் துவரம்பருப்பையும் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகு சேர்த்து ஒன்றாகக் குழைய வேகவைப்பது; மேலே நெய்யோ தயிரோ விட்டுக்கொள்ளலாம். மழை நாளில், வேலை மிகுந்த நாளில், உடல் சோர்ந்த நாளில் செய்வார்கள். விருந்தாளிக்கு அதைப் போடுவது குறைவு என்று எங்கள் வீட்டுப் பெண்கள் கருதினார்கள். ஆகவே விருந்தாளிக்கு அதன் பெயரே தெரியாமல் போயிற்று.

என் அமுச்சி (அம்மாவின் அம்மா) எலப்புள்ளிக்கு அருகில் பிறந்தவர். 1953-ல் திருமணமாகி, எல்லைக்கு இந்தப் பக்கம் க.க. சாவடிப் (கந்தேகவுண்டன்சாவடி) பக்கத்து ஊர் ஒன்றுக்கு வந்தார். அன்று பாலக்காடு மலபார் மாவட்டத்தில் இருந்தது, மலபார் சென்னை மாநிலத்தில் இருந்தது; ஆகவே அவர் ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு வந்தார், அவ்வளவுதான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது அவருடைய பிறந்த வீடு கேரளத்திலும் புகுந்த வீடு இன்றைய தமிழ்நாடான சென்னை மாநிலத்திலும் ஆயின. அதே நாளில்தான் அதுவரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்த கொள்ளேகால் தாலுகா மைசூர் மாநிலத்துக்குப் போயிற்று. பாலக்காட்டை ஒட்டிய சித்தூர் தாலுகாவோ அதற்கும் முன்பு கொச்சி அரசரின் ஆட்சியில் இருந்தது. ஆக அங்கே எல்லைக்கோடு நூற்றாண்டுகளாக வேறு வேறு பெயர்களில் இருந்துகொண்டுதான் இருக்கிறது. "வண்டி கட்டினா விடியறதுக்குள்ள பொறந்த ஊடு. அப்ப ஏது கண்ணு எல்லை?" என்று அமுச்சி சொல்வார். அவர் பிறந்த வீட்டில் கொள்ளுக்கு முதிரை என்று பெயர். புகுந்த வீட்டில் கொள்ளு என்றார்கள். முதிரை என்பது பழந்தமிழில் பருப்பு வகைகளைக் குறிக்கும் சொல்தான். மலையாளம் அதைக் கொள்ளுக்கு மட்டும் வைத்துக்கொண்டது. இரண்டு பெயரானாலும் அதை வறுத்து வேகவைத்துச் சின்ன வெங்காயத்தோடு கடையும் கை ஒன்றாகவே இருந்தது.

சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஊர்களுக்குப் போனவர்கள், கேரளம் என்றால் எப்போதும் பச்சையும் ஈரமும் என்று நினைத்திருந்தால் வியந்து நிற்பார்கள். கேரளத்தின் சராசரி மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர். கோவை நகரில் 600 முதல் 700 மில்லிமீட்டர்தான். எருத்தேம்பதி, வடகரப்பதி போன்ற ஊர்கள் கோவையின் வறட்சிக்கு நெருங்கியவை. அங்கே கரிசல் மண் உண்டு. நிலக்கடலை விளைந்தது, சோளம் விளைந்தது. வீடுகளில் தமிழ் பேசுகிறார்கள், தமிழ்வழிப் பள்ளிகள் இருக்கின்றன. பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி ஆழியாற்றின் நீரில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. அந்தப் பகுதிக்குப் போக வேண்டும். அந்தத் தண்ணீரால்தான் வயல்கள் பிழைக்கின்றன. கோவைக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் சிறுவாணித் தண்ணீருக்கு அணை இருப்பது பாலக்காடு மாவட்டத்தில். அந்தத் தண்ணீரில் டீ போட்டுக் குடித்துக்கொண்டே நாம் எல்லையைப் பற்றிப் பேசுகிறோம்.

எண்ணெயைப் பற்றிச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. பொள்ளாச்சிக்கு வரும் பயணி தென்னந்தோப்புகளைப் பார்த்துவிட்டு, இங்கேயும் எல்லாம் தேங்காயெண்ணெயில்தான் சமைப்பார்கள் என்று எண்ணிக்கொள்கிறார். பி.ஏ.பி. எனப்படும் பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன வாய்க்கால்கள் வருவதற்கு முன் அந்த நிலங்களில் பெரும்பகுதி நிலக்கடலை நிலங்கள். தோப்பு வந்த பிறகும் தாளிப்புக்குக் கடலெண்ணெய்தான். தேங்காய் அரைத்து விடுவதற்கும் துருவிப் போடுவதற்கும் பல்லுப்பல்லாகக் கீறிக் கறியில் சேர்ப்பதற்கும். வீடு வீடாக அடுப்படியில் நின்று பார்த்ததில் கோடு என்று ஒன்றை நான் கண்டது எண்ணெயில்தான். ஆனால் அந்தக் கோடு வாளையாற்றில் இல்லை. எலப்புள்ளி, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வீடுகளில் கடலெண்ணெய் பாட்டிலும் தேங்காயெண்ணெய் பாட்டிலும் அடுத்தடுத்து நிற்கின்றன. பாலக்காட்டு நகரத்தைத் தாண்டி மேற்கே போகப் போகத்தான் கடலெண்ணெய் பாட்டில் கண்ணில் படாமல் போகிறது.

வடக்கு எல்லையிலும் இதைக் கண்டிருக்கிறேன். சத்தியமங்கலத்திலிருந்து பண்ணாரி வழியாக, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டைஊசி வளைவுகளையும் ஏறி ஆசனூரை அடைந்தால், அங்கிருந்து காரப்பள்ளம் சோதனைச் சாவடி வரை தமிழ்நாடு. கரும்பு லாரிகளை எதிர்பார்த்து யானைகள் சாலையோரம் வந்து நிற்கிற சாவடி அது. ஒருமுறை அலுவலக நண்பர்களோடு மைசூருக்குப் போனபோது, எல்லை தாண்டியதும் மைசூர் மசால் தோசை சாப்பிடுவது என்று எல்லோரும் வயிற்றைக் காயப் போட்டிருந்தார்கள். பசி தாங்காமல் ஆசனூருக்கு அருகில் ஒரு சிறு மெஸ்ஸில் நின்றோம். அந்த அம்மா பேரனோடு கன்னடத்திலும் எங்களோடு தமிழிலும் பேசினார். எங்களுக்கு ராகிக் களி வந்தது. உள்ளங்கையளவு உருண்டை, நடுவில் கட்டைவிரலால் அழுத்திய குழி, குழியில் கொள்ளுச் சாறு. கிள்ளிச் சாற்றில் புரட்டி மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று அவர் சொல்லித் தந்தார்; மென்றால் பல்லில் ஒட்டிக்கொள்ளும். "கர்நாடகா வந்துட்டமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். வரவில்லை. தாளவாடிப் பக்கத்து வீடுகளில் கன்னடம் பேசுகிறவர்கள் மிகுதி, அந்த மண் ராகி மண். நாங்கள் அப்போதும் ஈரோடு மாவட்டத்தில்தான் இருந்தோம். அதே களியைத்தான் என் அப்பாரு (தாத்தா) கோவைக்குப் பக்கத்தில் தினமும் காலையில் சாப்பிட்டார். கர்நாடகத்தில் அதற்கு முத்தே என்று பெயர். பண்டிகைக்கு நாங்கள் செய்யும் ஒப்புட்டும் அவர்களுடைய ஒப்பட்டுதான். சென்னைக்காரரிடம் ஒப்புட்டு என்றால் புரியாது, போளி என்று சொல்ல வேண்டும்.

கோடு உண்மையிலேயே சாப்பாட்டை மாற்றும் இடமும் உண்டு. அங்கே மாற்றுவது சட்டம். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. கேரளத்தில் கள்ளுக்கடை உரிமம் பெற்று நடக்கிறது. அந்த மாநிலத்தின் பல மாவட்டக் கடைகளுக்குக் கள் போவது சித்தூர்ப் பகுதித் தோப்புகளிலிருந்து. ஆகவே கோவை, பொள்ளாச்சி இளைஞர்கள் விடுமுறை நாளில் எல்லை தாண்டிப் போய்க் கள்ளுக்கடையில் கப்பையும் மீன்கறியும் சாப்பிட்டுவிட்டு, கேரளச் சாப்பாடு சாப்பிட்டோம் என்று சொல்வார்கள். கப்பை என்பது தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரவள்ளி. திருவிதாங்கூரில் 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பரவலாக்கினார். நாமக்கல், சேலம், ஈரோட்டுக் காடுகளில் விளைவதும் அதே கிழங்குதான். நாங்கள் குச்சிக்கிழங்கு என்போம். எங்கள் பக்கம் அது ஆலைக்குப் போய் ஜவ்வரிசியாகிறது. ராசிபுரம் பக்கத்து நண்பர் ஒருவர் நான்கு ஏக்கரில் அதைப் பயிரிடுகிறார். அவர் மகன் அதைத் தேடி வாளையாறு தாண்டிப் போகிறான். அங்கே தட்டில் வரும் கோழிவறுவலின் கோழி பல்லடத்துப் பண்ணையில் வளர்ந்ததாகவும், முட்டை நாமக்கல்லிலிருந்து வந்ததாகவும் இருக்க வாய்ப்பு மிகுதி. ஓணத்துக்கு முந்தைய வாரம் மேட்டுப்பாளையம், ஒட்டன்சத்திரம் சந்தைகளில் நின்று பார்த்தால், காய்கறி மூட்டைகள் லாரி லாரியாக மேற்கே போவது தெரியும். ஓணச் சத்தியா விருந்தின் கணிசமான பங்கு இங்கே முளைத்துத்தான் அங்கே இலைக்குப் போகிறது.

நாட்டின் எல்லையிலும் இதைப் பார்த்தேன் என்பதால் எனக்கு இதில் உறுதி கூடியது. 2014-ல் எங்கள் நிறுவனத்தின் இம்பால் விற்பனையாளரைப் பார்க்கப் போனபோது, மியான்மர் எல்லையிலுள்ள மோரேவுக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தது. இம்பாலிலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர் மலைப்பாதை. வழியெல்லாம் நான் பர்மியச் சாப்பாட்டைக் கற்பனை செய்துகொண்டு போனேன். தம்பி வாளையாற்றைப் பற்றிக் கற்பனை செய்ததைப் போலவே. என்னோடு வந்த இரண்டு மணிப்பூரி இளைஞர்களும் மோரேவில் சாப்பிட்டே ஆகவேண்டிய ஒன்று உண்டு என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். அவர்கள் என்னை அழைத்துப் போன கடையில் இட்லியும் தோசையும் வடையும் இருந்தன. 1962-ல் ராணுவ ஆட்சி வந்து வணிகங்கள் அரசுடைமையான பிறகு பர்மாவிலிருந்து இந்தியா திரும்பிய தமிழர்களில் ஒரு பகுதியினர், மறுபடி தரைவழியே பர்மாவுக்குப் போக முயன்று, அனுமதி கிடைக்காமல் மோரேவிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே அங்காள பரமேஸ்வரி கோயில் எழுப்பியிருக்கிறார்கள், தமிழ்ச் சங்கம் வைத்திருக்கிறார்கள். அந்த இளைஞர்களுக்கு எல்லை ஊரின் சிறப்புணவு இட்லி. கடைக்கார அக்காவிடம் கோவை என்று சொன்னதும் உள்ளே அழைத்துப் போய்க் காட்டினார்: மூலையில் எங்கள் ஊர்க் கிரைண்டர். பக்கத்தில் வீட்டாருக்காகச் செய்த அத்தோ ஒரு பாத்திரத்தில் இருந்தது. நூடுல்ஸ், வறுத்த வெங்காயம், புளிக்கரைசல், முட்டைக்கோஸ். "கடைக்கு இட்லி, புள்ளைங்களுக்கு இது. கேட்டிருந்தா குடுத்திருப்பேனே தம்பி" என்றார். கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். நான் தேடி வந்த எல்லையின் சாப்பாடு அங்கேயும் பின்கட்டில்தான் இருந்தது. 2023-க்குப் பிறகு அந்த ஊர் பட்ட பாடுகளைச் செய்தியில் கேட்கும்போதெல்லாம் அந்தச் சமையலறைதான் நினைவுக்கு வருகிறது.

அதற்குப் பிறகு நான் எங்கே போனாலும் பட்டியலைக் கேட்பதை விட்டுவிட்டேன். "இன்னைக்கு உங்க வீட்டுல என்னங்க?" என்று கேட்கிறேன். சில இடங்களில் சிரித்து மழுப்பிவிடுவார்கள். நம் வீட்டுச் சாப்பாட்டை வெளியாள் ஏன் கேட்கிறார் என்ற கூச்சம். பெரும்பாலான இடங்களில் கொடுத்துவிடுகிறார்கள். அதற்குக் காசு வாங்க மறுக்கிறார்கள் என்பதுதான் எனக்குச் சங்கடம். காசு வாங்கத் தகுந்த சாப்பாடு அது என்பதை அவர்கள் நம்பவேண்டும் என்று எனக்கு உண்மையாகவே ஆசை. உடுமலைக்காரர் ஒரு மாதம் போட்டுப் பார்த்ததாகச் சொன்னாரே, அந்த மாதத்தில் வாரம் பத்துப் பேராவது இறங்கித் தட்டைப்பயறுக் குழம்பு இருக்கிறதா என்று கேட்டிருந்தால், அது இன்றைக்கும் முன்பக்கப் பலகையில் இருந்திருக்கும்.

அன்றைய பயணத்துக்குத் திரும்புகிறேன். பாலக்காட்டுக் கோட்டையையும் மலம்புழா அணையையும் பார்த்துவிட்டு மாலையில் திரும்பும் வழியில் எலப்புள்ளிக்குப் பக்கத்தில் மாமா வீட்டுக்குப் போனோம். அமுச்சியின் அண்ணன் மகன் வீடு அது. அமுச்சி இறந்து எட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன, போக்குவரத்து குறையவில்லை. முன்னறிவிப்பில்லாமல் போனதால் அத்தை முதலில் பதறினார், கடைக்கு ஆளனுப்பிப் பரோட்டா வாங்கி வரச் சொன்னார். நான் தடுத்து, வீட்டுக்கு என்ன செய்வதாக இருந்ததோ அதையே செய்யும்படி கேட்டேன். "சந்தகைக்கு மாவு ஆட்டி வெச்சிருக்கறனுங்க. அதப் போயி சென்னைக்காரங்களுக்குப் போடறதா?" என்றார்.

புழுங்கலரிசி மாவை முதலில் இட்லியாக வேகவைத்து, சூடு ஆறுவதற்குள் சேவை நாழியில் இட்டுப் பிழிய வேண்டும். அந்த வீட்டில் இருப்பது கனமான மரச்சட்டத்தில் பொருத்திய பழைய நாழி. சேவை நாழி என்றுதான் மலையாளத்திலும் சொல்கிறார்கள். அத்தை இட்லியை ஒவ்வொன்றாக உள்ளே போட, மாமா கைப்பிடியைத் தன் எடையெல்லாம் கொடுத்து அழுத்தினார். வெண்ணிற இழைகள் அடியிலிருந்து நெளிந்து இறங்கித் தட்டில் சுருண்டு விழுந்தன. தம்பியின் மகள் தானும் அழுத்துவேன் என்று கைப்பிடியில் தொங்கினாள். அது அசையவில்லை, மாமாவும் சேர்ந்து அழுத்தினார். ஒரு கிண்ணத்தில் வெல்லம் கரைத்த தேங்காய்ப்பால் வந்தது, இன்னொன்றில் எள்ளும் வெல்லமும் இடித்த பொடி. காரம் வேண்டுமென்றவர்களுக்குக் கொள்ளு ரசம். தம்பி இரண்டாம் முறை வாங்கிக்கொண்டு, "இது கேரளாவுங்களா, நம்முளுதுங்களா?" என்று மாமாவைக் கேட்டான். மாமா கேள்வியைப் புரிந்துகொள்ளச் சற்று நேரமாயிற்று. "நம்ம ஊட்டுதுங்க தம்பி" என்றார்.

புறப்படும்போது அத்தை மிஞ்சிய சந்தகையை வாழையிலையில் மடித்து, அதற்கு மேல் செய்தித்தாளைச் சுற்றி நூலால் கட்டிக் கொடுத்தார். காரின் கண்ணாடி வழியாகத் தம்பி மனைவியிடம், காலையில் கடுகு, உளுந்து, சின்ன வெங்காயம், வரமிளகாய் போட்டுத் தாளித்து அதில் இதை உதிர்த்துப் போட்டுக் கிளற வேண்டும் என்று சொல்லிவிட்டு, வண்டி நகரத் தொடங்கிய பிறகும் இரண்டடி கூடவே நடந்து வந்தார்.

"கடலெண்ணெயில தாளிங்க அம்மிணி. தேங்காயெண்ணெய் ஊத்திராதீங்க, அது இதுக்குச் சேராது."